ஒருவருக்கு ஒரு மாதத் தடை, இன்னொருவருக்கு இரண்டு ஆண்டு: விளையாட்டு வீரர்களின் மனநலமும் போதைப்பொருள் விதிகளும்

2025 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடா, ஐபிஎல் தொடரின் நடுவே குஜராத் டைட்டன்ஸ் அணியை விட்டுத் தாய்நாடு திரும்பினார். சொந்தக் காரணங்கள் என்று மட்டுமே அப்போது சொல்லப்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்திய போதைப்பொருள் ஒன்று தம் சோதனை மாதிரியில் தென்பட்டதாக மே மாதத் தொடக்கத்தில் அவரே அறிவித்தார். ஒரு மாதத் தடையோடு விவகாரம் முடிந்தது. ஜூனில் லார்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அவர் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2007 விம்பிள்டனில் எடுக்கப்பட்ட மாதிரியில் கொக்கெய்னின் சிதைபொருள் இருந்ததற்காக டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸுக்கு விதிக்கப்பட்ட தடையோ இரண்டு ஆண்டுகள். அதை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்று அவர் மறுத்தும் தடை நீங்கவில்லை.

நட்சத்திர வீரர் என்பதால் ரபாடாவுக்குச் சலுகை கிடைத்தது என்று பலர் எழுதினார்கள். அந்த விளக்கம் பொருந்தாது. 2024 ஜனவரியில் உள்நாட்டு டி20 ஆட்டம் ஒன்றின்போது கொக்கெய்னுக்காகச் சிக்கிய நியூசிலாந்தின் டக் பிரேஸ்வெல் அந்த அளவுக்குப் பெரிய நட்சத்திரம் அல்லர். அவருக்கும் ஒரு மாதத் தடைதான். மாறியது விதி. அந்த விதி மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது, வீரர்கள் போதைப்பொருளை நாடுவதில் பெரும்பகுதி வெற்றிக்கான குறுக்குவழி அன்று, மனநலச் சிக்கலின் வெளிப்பாடு என்ற தாமதமான ஒப்புதல். அந்த ஒப்புதல் எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், தடைப் பட்டியல் இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது அவசியம்.

தடைப் பட்டியல் எதைத் தேடுகிறது

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமாக வாடா, 1999இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் கனடாவின் மான்ட்ரியலில் இருக்கிறது. அது ஆண்டுதோறும் வெளியிடும் தடைப் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பதற்கு மூன்று அளவுகோல்கள் உள்ளன: விளையாட்டுத் திறனைக் கூட்டக்கூடியதா, வீரரின் உடல்நலத்துக்குத் தீங்கானதா, விளையாட்டின் நெறிக்கு முரணானதா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். திறனைக் கூட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத கஞ்சா பட்டியலில் இடம்பிடித்திருப்பது இந்த இரண்டு போதும் என்ற கணக்கினால்தான்.

பட்டியலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவை எக்காலத்திலும் தடைசெய்யப்பட்டவை. பயிற்சிக் காலத்தில் எடுத்தாலும் அவற்றின் பலன் போட்டி வரை நீடிக்கும். கொக்கெய்ன், ஹெராயின், கஞ்சா, எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ ஆகியவை போட்டிக் காலத்தில் மட்டும் தடைசெய்யப்பட்டவை. போட்டிக் காலம் என்பது, பொதுவாக, போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணியிலிருந்து போட்டியும் அதைச் சார்ந்த மாதிரி சேகரிப்பும் முடியும் வரையிலான நேரம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கொக்கெய்னின் போதை ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்; அதன் சிதைபொருளோ சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாள் வரை தங்கும். கஞ்சாவின் வேதிப்பொருள் உடற்கொழுப்பில் கரைந்து நிற்பதால், வழக்கமாகப் புகைப்பவருக்கு வாரக்கணக்கிலும் தென்படலாம். எனவே போட்டி இல்லாத ஒரு நாளில், விதியின்படி தடையே இல்லாத நேரத்தில் எடுத்தது, போட்டி நாளின் சோதனையில் வெளிப்பட்டுவிடுகிறது. இதனால்தான் கஞ்சாவுக்கான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமிலிருந்து 150 நானோகிராமாக 2013இல் உயர்த்தப்பட்டது.

2021இல் வந்த மாற்றம்

2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதித்தொகுப்பு, மேலே சொன்ன நான்கு பொருள்களையும் தனி வகையாகப் பிரித்தது. சமூகத்தில் விளையாட்டுக்கு வெளியே பரவலாகத் தவறாகப் பயன்படுத்தப்படுபவை என்பதே அந்த வகைக்கான வரையறை. அவற்றில் ஒன்று சோதனையில் தென்பட்டால் முடிவு இப்படி எடுக்கப்படுகிறது:

1. போட்டிக் காலத்துக்கு வெளியே எடுத்ததாகவும், விளையாட்டுத் திறனோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் வீரர் நிறுவினால், தடை மூன்று மாதம்.
2. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைத் திட்டம் ஒன்றை அவர் நிறைவுசெய்தால், அது ஒரு மாதமாகக் குறையலாம்.
3. போட்டிக் காலத்திலேயே எடுத்திருந்தாலும், திறனுக்காக அன்று என்று நிறுவினால், அது வேண்டுமென்றே செய்த மீறலாகக் கருதப்படாது; நான்கு ஆண்டுத் தடை என்ற உச்சத்துக்குப் போகாது.
4. எதையும் நிறுவ இயலாவிட்டால் பழைய பாதைதான், ஆண்டுக்கணக்கில் தடை.

நிறுவும் பொறுப்பு முழுக்க வீரருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். வீரர் ஒப்புக்கொள்ள வேண்டும், எப்போது எடுத்தார் என்று சொல்ல வேண்டும், ஆய்வகத்தின் அளவுகள் அந்தக் கூற்றோடு ஒத்துப்போக வேண்டும். ரபாடாவும் பிரேஸ்வெல்லும் இந்த வழியில் வந்தவர்கள். 2007இல் இந்த வழியே இல்லை; ஹிங்கிஸின் மாதிரியில் இருந்த அளவு மிகச் சிறியது என்பதற்கும் அன்றைய விதியில் பெரிய பொருள் இருக்கவில்லை.

வீரர்கள் ஏன் போதையை நாடுகிறார்கள்

உடல் வலுவானவர்களுக்கு மனமும் வலுவாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. உயர்நிலை வீரர்களின் மனநலம் குறித்து வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வு, விளையாடிக்கொண்டிருப்பவர்களில் ஏறத்தாழ 34 சதவீதத்தினரிடம் பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 சதவீதத்தினரிடம் மதுவைத் தவறாகப் பயன்படுத்தும் போக்கும் இருப்பதாகக் காட்டியது. ஓய்வுபெற்றவர்களில் பதற்றமும் மனச்சோர்வும் 26 சதவீதம். இவை வினாத்தாள்களுக்கு வீரர்கள் தாமே அளித்த பதில்களிலிருந்து கிடைத்த விகிதங்கள். மருத்துவர் நோயென்று உறுதிசெய்தவை அல்ல. ஆனாலும் வீரர்கள் மற்றவர்களைவிடப் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைத் தகர்க்க இந்த அளவே போதும்.

அந்த அறிகுறிகளிலிருந்து போதைக்குச் செல்லும் பாதைகள் ஒன்றல்ல. பொதுவிவாதத்தில் எல்லாமே ஒழுக்கக்கேடு என்ற ஒற்றைப் பெயரில் சேர்க்கப்படுவதால், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும்.

1. வலி. இது எல்லாவற்றிலும் பழையது. மைதானத்துக்குள்ளேயே, பெரும்பாலும் மருத்துவரின் கையால் தொடங்குவதும் இதுதான். காயத்தோடு விளையாட வேண்டியவருக்கு ஓபியாய்டு வகை வலிநிவாரணி தரப்படுகிறது. அபினோடு உறவுடைய அந்த மருந்துகளுக்கு உடல் விரைவில் பழகிக்கொள்ளும். அதே நிவாரணத்துக்கு அளவு கூட வேண்டியிருக்கும். நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் வலியும் முன்னிலும் கூடுதலாகத் திரும்பும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் என்எஃப்எல் தொடரில் ஆடி ஓய்வுபெற்ற 644 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், 52 சதவீதத்தினர் ஆடும் காலத்தில் ஓபியாய்டு எடுத்ததாகக் கூறினர். அவர்களில் 71 சதவீதத்தினர் அப்போதே அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள். அதே 2011இல், பனி ஹாக்கியின் அடிதடி ஆட்டக்காரராகப் பெயர்பெற்ற டெரெக் பூகார்ட் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு மருந்தும் மதுவும் கலந்த விளைவால் 28 வயதில் இறந்தார். தலையில் தொடர்ந்து அடிபடுவதால் வரும் மூளைச்சிதைவு நோயின் தடங்கள் அவர் மூளையில் பின்னர் கண்டறியப்பட்டன. அந்த நோயே மனநிலையைக் குலைக்கக்கூடியது என்பதால், வலியும் மனநோயும் போதையும் இங்கே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன.

2. தூக்கம். இரவு ஆட்டங்கள், கண்டம் விட்டுக் கண்டம் பயணம், ஆட்டத்துக்குப் பின் அடங்காத உடற்கிளர்ச்சி ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டெலே அலி, தாம் தூக்க மாத்திரைகளுக்கு அடிமையாகி மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் இருந்ததை 2023 ஜூலையில் வெளிப்படையாகப் பேசினார். மாத்திரைகள் மறைத்துவைத்தது தூக்கமின்மையை மட்டும் அன்று, சிறுவயதில் நேர்ந்த கொடுமைகளின் நினைவுகளையும்தான் என்பது அந்தப் பேச்சிலிருந்து தெளிவானது.

3. துயரமும் மனச்சோர்வும். ஷகாரி ரிச்சர்ட்சன் 2021 ஜூனில் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 100 மீட்டரை 10.86 விநாடியில் ஓடி வென்றார். கஞ்சா தென்பட்டதால் அந்த வெற்றி செல்லாததாயிற்று. பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு செய்தியாளரின் வாய்வழியே அறிந்ததாகவும், அந்த அதிர்ச்சியில் புகைத்ததாகவும் அவர் கூறினார். ஆலோசனைத் திட்டத்தை முடித்ததால் தடை ஒரு மாதமாகக் குறைந்தது, ஆனாலும் டோக்கியோவில் ஓடும் வாய்ப்பு போய்விட்டது. குத்துச்சண்டை வீரர் டைசன் ஃபியூரி 2015 நவம்பரில் விளாடிமிர் கிளிட்ச்கோவை வீழ்த்தி உலகப் பட்டங்களைக் கைப்பற்றிய பின்னர்தான் மனச்சோர்விலும் கொக்கெய்னிலும் வீழ்ந்தார். தோல்விதான் வீரர்களைக் குலைக்கும் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: இலக்கை அடைந்தபின் எதற்காக எழுவது என்ற வெறுமை தோல்விக்குச் சற்றும் குறைந்ததன்று.

4. ஊக்கமருந்தே உண்டாக்கும் மனநோய். அனபாலிக் ஸ்டீராய்டை வெளியிலிருந்து செலுத்தும்போது உடல், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. மருந்தை விட்டபின் அது மீள மாதங்கள் பிடிக்கலாம். அந்த இடைவெளியில் கடும் மனச்சோர்வு வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. அதைத் தாங்க முடியாமல் பலர் மருந்துக்கே திரும்புகிறார்கள். ஏமாற்றும் நோக்கத்தில் தொடங்கியவரும் நோயாளியாகத்தான் முடிகிறார் என்பதால், மோசடி செய்தவர் வேறு, உதவி தேவைப்படுபவர் வேறு என்ற கோடு நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவானது அன்று.

5. தண்டனையும் ஓய்வும். 1998இல் இத்தாலியச் சுற்று, பிரெஞ்சுச் சுற்று இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற சைக்கிள் வீரர் மார்க்கோ பந்தானி, அடுத்த ஆண்டு இத்தாலியச் சுற்றில் முன்னிலையில் இருந்தபோது, குருதியில் சிவப்பணு விகிதம், ஊக்கமருந்து ஐயத்தை எழுப்பும் வரம்பான 50 சதவீதத்தைத் தாண்டியதால் விலக்கப்பட்டார். அவர் அதிலிருந்து மீளவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகர விடுதி அறை ஒன்றில் கொக்கெய்ன் நச்சால் இறந்துகிடந்தார், வயது 34. வெளியேற்றப்பட்ட மனிதருக்கு அதன்பின் என்ன ஆகும் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு அன்றைய விதிகளில் யாருக்கும் இல்லை.

எது முதலில் வருகிறது, மனநோயா போதையா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. இரண்டு திசையிலும் சான்று உண்டு. கொக்கெய்ன் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்துக் களிப்பைத் தருகிறது. அது வடியும்போது சோர்வும் எரிச்சலும் தொடர்கின்றன. ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு அந்தச் சரிவு ஆழமாகிறது. சரிவிலிருந்து எழ மறுபடியும் கொக்கெய்ன். சுழல் தொடங்கியபின் முதற்காரணத்தைத் தேடுவதால் சிகிச்சையில் பெரிய மாறுதல் வராது. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் மருத்துவர்களிடையே நிலவும் கருத்து.

சோதனைக் குழாய்க்குத் தெரியாதவை

மேற்கண்ட பாதைகளில் சோதனை கண்டுபிடிப்பது எத்தனை? மது பட்டியலில் இல்லை. வில்வித்தை உள்ளிட்ட சில விளையாட்டுகளில் இருந்துவந்த தடையும் 2018இல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தூக்க மாத்திரைகள் இல்லை. டிரமடால் என்ற வலிநிவாரணி 2024 ஜனவரியில்தான் போட்டிக் காலத் தடைக்குள் வந்தது. ஆகவே ஒரு வீரர் மதுவாலும் மாத்திரையாலும் பல ஆண்டுகள் சீரழிந்துகொண்டே எல்லாச் சோதனைகளிலும் சுத்தமானவர் என்று சான்று பெற முடியும். அலியின் சிக்கலை எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்கவில்லை. எப்போதாவது ஓர் இரவில் கஞ்சா புகைத்தவர், அடிமைத்தனம் ஏதும் இல்லாதவர், சிக்கிக்கொள்ளலாம்.

இது முகமையின் தவறு என்று சொல்வதற்கில்லை. நேர்மையான போட்டியைக் காக்க உருவாக்கப்பட்ட ஏற்பாட்டை, நோய் கண்டறியும் ஏற்பாடாக நாம் வாசிக்கத் தொடங்கியதுதான் சிக்கல். சோதனை ஒரு பொருளைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

சிகிச்சை எடுப்பதே மீறலாகுமா

பல வீரர்களின் அச்சம் இது. பெரும்பாலும் தேவையற்ற அச்சம். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும், மூளையின் வேதிப்பொருளான செரட்டோனின் அளவைச் சீராக்கும் மருந்துகள் தடைப் பட்டியலில் இல்லை. சிக்கல் வருவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டுக்கான கிளர்ச்சி மருந்துகளில்தான்; மெதில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. அதற்கும் வழி உண்டு: மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்தால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு கிடைக்கும்.

அந்த விலக்கின் கதையில் ஒரு கசப்பான அத்தியாயம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் இணையத் திருடர்கள் முகமையின் தரவுத்தளத்தில் புகுந்து வீரர்களின் விலக்கு ஆவணங்களை வெளியிட்டனர். ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மெதில்ஃபெனிடேட் எடுப்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. சிறுவயதிலிருந்தே தமக்கு அந்தக் குறைபாடு உண்டு என்றும், அதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்றும் பதில் சொன்னார். ஆனால் தம் மருத்துவக் கோப்பு பூட்டியிருக்கும் என்று நம்பியிருந்த மற்ற வீரர்கள் அன்று கற்றுக்கொண்ட பாடம் வேறாக இருந்திருக்கும்.

மறைப்பதற்கான காரணங்கள்

சிகிச்சைக்கு வழி இருந்தும் வீரர்கள் ஏன் கடைசிவரை மறைக்கிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்; முதலாவதே முதன்மையானது.

1. அணி மருத்துவர் யாருடைய ஆள் என்ற ஐயம். அவருக்குச் சம்பளம் தருவது அணி. வீரரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று தீர்மானிப்பதும் அதே அணி. காலில் காயம் என்றால் எத்தனை வாரம் என்று கேட்பார்கள். மனச்சோர்வு என்றால் நம்பலாமா என்று கேட்பார்கள்.
2. வெளிப்படையாகப் பேசியவர்கள் பட்டது. 2021 பிரெஞ்சு ஓப்பனில் மனநலத்தைக் காரணமாகச் சொல்லிச் செய்தியாளர் சந்திப்பைத் தவிர்த்த நவோமி ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; தொடரிலிருந்தே அவர் விலகினார்.
3. விளையாட்டைத் தவிர வேறு அடையாளம் இல்லாமை. 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்கிற்குப் பிறகும் தம்மை மனச்சோர்வு பீடித்ததாகச் சொல்லியிருக்கிறார். 2014இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக இரண்டாம் முறை கைதான பின்னர்தான் அவர் சிகிச்சை மையத்துக்குச் சென்றார். உதவி கேட்க ஒரு கைது தேவைப்பட்டிருக்கிறது.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2019இல் வீரர்களின் மனநலம் குறித்த நிபுணர் அறிக்கையையும், அடுத்த ஆண்டு அணி மருத்துவர்கள் பயன்படுத்துவதற்கான வினாத்தாள் கருவி ஒன்றையும் வெளியிட்டது. கருவி நல்லதுதான். பதில் எங்கே போகும் என்று தெரியாத வினாத்தாளுக்கு யார் உண்மையான பதிலை எழுதுவார்கள் என்பது அந்தக் கருவியால் தீராத கேள்வி.

எங்கே மாற்றம் வேகமாக வந்தது

அமெரிக்கத் தொழில்முறைத் தொடர்கள் வாடாவின் விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல. வீரர் சங்கத்தோடு பேரம் பேசித் தம் விதிகளைத் தாமே வகுக்கின்றன. கஞ்சாவுக்காக வீரரை ஆட்டத்திலிருந்து நிறுத்தும் வழக்கத்தை என்எஃப்எல் 2020இல் கைவிட்டது; கூடைப்பந்தின் என்பிஏ 2023இல் கஞ்சாவைத் தன் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. வாடாவோ ரிச்சர்ட்சன் விவகாரத்துக்குப் பின் மறுஆய்வு செய்து, கஞ்சாவைப் பட்டியலில் வைத்திருப்பதென்று 2022 செப்டம்பரில் முடிவெடுத்தது.

பேஸ்பால் தொடரின் மாற்றம் ஒரு மரணத்திலிருந்து வந்தது. 2019 ஜூலை 1 அன்று ஏஞ்சல்ஸ் அணியின் பந்து எறிபவர் டைலர் ஸ்காக்ஸ் டெக்சாஸ் மாநில விடுதி அறையில் 27 வயதில் இறந்துகிடந்தார். உடலில் ஆக்சிகோடோன், ஃபெண்டனில், மது மூன்றும் இருந்தன. மாத்திரைகளைத் தந்தவர் அணியின் தகவல் தொடர்பு அலுவலரே என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து 22 ஆண்டுச் சிறை விதித்தது. தொடர் நிர்வாகமும் வீரர் சங்கமும் 2019 டிசம்பரிலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன: ஓபியாய்டுக்கும் கொக்கெய்னுக்கும் சோதனை நடக்கும், சிக்குபவர் முதலில் மதிப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் அனுப்பப்படுவார், சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுப்பவருக்கே ஒழுங்கு நடவடிக்கை. கஞ்சா பேஸ்பாலின் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வாடாவின் ஒரு மாத விதியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். வாடாவில் தண்டனை முதலில் வருகிறது, சிகிச்சை அதைக் குறைக்கும் வழியாக இருக்கிறது. அந்தச் சிகிச்சை சில அமர்வுகளோடு முடிந்துவிடலாம், அதன்பின் தொடர்ந்து கவனிக்கும் கடமை யாருக்கும் இல்லை. பேஸ்பாலில் சிகிச்சை முதலில் வருகிறது. இந்த வரிசையை வீரர்கள் சங்கமாக நின்று பேரம் பேசிப் பெற்றார்கள். தடகளத்திலும் நீச்சலிலும் குத்துச்சண்டையிலும் தனியாளாக நிற்கும் வீரருக்கு அத்தகைய வலுவான சங்கம் இல்லை. அவருக்கான விதிகள் எழுதப்படும் மேசையில் அவர் பேச்சுக்கு எடை குறைவு. சம்பளம் தரும் அணி இல்லாததால் சிகிச்சைச் செலவும் பெரும்பாலும் அவர் பொறுப்பில்தான் விழுகிறது.